வசியம் பண்ணப்பட்டவனுக்கு அது தெரியுமா? அறிவியல் கதைகளில் மனக்கட்டுப்பாடு

வேளிமலை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மனசைக் கட்டுப்படுத்துற சக்தி பத்தி ஒரு அறிவியல் கதை எழுதிட்டிருக்கேன். ஆறு பக்கம் வந்து அப்படியே நிக்குது. நம்ம குமரி மாவட்டத்து ஆளுங்க நெறைய பேர் இங்க இருக்கிறதால கேக்குறேன்.

கதை நடக்கிறது குலசேகரம் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துல. இருபது வருஷமா பால் வெட்டுற ஒரு அம்மா. வீட்டுக்காரர் இல்ல. ஒரே மக, பன்னெண்டாவது படிக்கிறா. ஒருநாள் இந்த அம்மாவுக்கு ஒரு சக்தி வருது. யார் முகத்தைப் பாத்துக்கிட்டு அவ ஒண்ணை நினைக்கிறாளோ, அந்த ஆளுக்கும் அதே நினைப்பு வந்துடும்.

முதல் தடவை அது நடக்கிறது ரப்பர் ஷீட் எடுக்கிற கடையில. கடைக்காரர் எப்பவும் ஈரம் இருக்குன்னு சொல்லி எடையில கழிப்பார். அன்னைக்கு அவ அவர் முகத்தையே பாத்துக்கிட்டு, "கழிக்காம போடு"ன்னு மனசுக்குள்ள நினைக்கிறா. அவரும் முழு எடைக்கும் காசு எண்ணிக் குடுக்கிறார்.

இங்கதான் நின்னுட்டேன். காசு எண்ணும்போது அந்த மனுஷனுக்கு உள்ளுக்குள்ள என்ன நடக்குது? கை தன் பேச்சைக் கேக்கலையேன்னு பதறுறாரா? இல்ல, தானா விரும்பித்தான் குடுக்கிறோம்னு நம்புறாரா? ரெண்டு மாதிரியும் எழுதிப் பாத்துட்டேன். முதல் மாதிரி எழுதினா பேய்க்கதை ஆயிடுது. ரெண்டாவது மாதிரி எழுதினா எதுவுமே நடக்காத மாதிரி இருக்கு.

வசியம் பண்ணப்பட்டவனுக்கு அது தெரியணுமா, தெரியக்கூடாதா? நீங்க படிச்சது, பாத்தது, உங்களுக்குத் தோணுறது, எதுவா இருந்தாலும் சொல்லுங்க.


முட்டம் கலங்கரை எழுதியது:

மக்கா, நீ கேட்டிருக்கிறதுதான் இந்த வகைக் கதைகளோட மையக் கேள்வியே. நான் பதினஞ்சு வருஷமா இந்த மாதிரிக் கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிறவன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சது 2011-ல வந்த "7ஆம் அறிவு". அதுல வில்லன் டாங் லீ ஒருத்தனை உத்துப் பாப்பான், அவன் உடனே பக்கத்துல இருக்கிறவனை அடிக்கக் கிளம்பிடுவான். அதுல வசியப்பட்டவனுக்கு உள்ளே என்ன நடக்குதுன்னு படம் கேக்கவே இல்ல. அவன் ஒரு ஆயுதம், அவ்வளவுதான். தியேட்டர்ல பாக்கும்போது உடம்பு சிலிர்த்தது உண்மை. ஆனா வீட்டுக்கு வந்ததும் எனக்கு அந்த வில்லன் ஞாபகத்துல இல்ல. ரோட்டுல போயிட்டிருந்தவன் ஒருத்தன் திடீர்னு கொலைகாரன் ஆனானே, அவன் குடும்பம் என்ன ஆச்சுன்னுதான் யோசிச்சிட்டே இருந்தேன்.

இதுக்கு நேர் எதிரான கதை ஐசக் அசிமோவோட "ஃபவுண்டேஷன்" வரிசையில வர்ற மியூல். 1945-ல பத்திரிகையில வந்த கதை அது. மியூல் யாரையும் பொம்மையா ஆட்டுறதில்ல. உணர்ச்சியை மட்டும் திருகி விடுவான். அறிவு அப்படியே இருக்கும், ஞாபகம் அப்படியே இருக்கும், விசுவாசம் மட்டும் அவன் பக்கம் திரும்பிடும். பிரிட்சர்னு ஒரு கேப்டன் அவனைக் கொல்லத் துணிஞ்சு போய் மாட்டிக்குவார். மாத்தப்பட்ட பிறகு பிரிட்சருக்குத் தன்னை மாத்திட்டாங்கன்னு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் பழையபடி ஆகணும்னு ஒரு துளி ஆசை வராது. முதல்ல படிச்சப்போ நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டு எழும்பி மொட்டை மாடிக்குப் போயிட்டேன்.

அதனால உன் கேள்விக்கு மூணாவது பதில் ஒண்ணு இருக்கு. தெரியும், ஆனா அது அவனுக்கு ஒரு பொருட்டே இல்ல. பதறுறதை விடவும் தெரியாம இருக்கிறதை விடவும் இதுதான் எனக்குப் பயம்.


குளச்சல்காரி எழுதியது:

கலங்கரை அண்ணே, நீங்க சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். உள்ளே முழுசா முழிச்சிருந்து, உடம்பு மட்டும் இன்னொருத்தன் சொல்றதைக் கேக்கிறதை விடப் பயங்கரம் ஒண்ணும் கிடையாது. மார்வெல் காமிக்ஸ்ல 1964-லேயே வந்தவன் கில்கிரேவ். 2015-ல வந்த "ஜெசிக்கா ஜோன்ஸ்" தொடர்ல அவனைப் பாருங்க. அவன் "சிரி"ன்னு சொன்னா ஜெசிக்கா சிரிக்கணும். அந்தச் சிரிப்புக்குப் பின்னால அவ அலறிட்டு இருக்கா. அவன் போன பிறகும் அவளால தூங்க முடியல. தெருப் பேரை ஒவ்வொண்ணா வாய்க்குள்ள சொல்லிச் சொல்லித்தான் மூச்சை நேராக்குறா. சக்தியைக் காட்டுறதுல நேரம் போக்காம, சக்தி விட்டுப் போன சேதத்துல உக்காந்திருக்கு அந்தத் தொடர். அதனாலதான் அது எனக்குப் பெருசு.

நம்ம பக்கம் வசிய மைன்னா சிரிப்புக்காட்சி. ஒருத்தன் ஒரு பொண்ணுக்கு மை வெக்கிறான், அவ பின்னாலேயே சுத்துறா, எல்லாரும் சிரிக்கிறோம். அந்தப் பொண்ணு மறுநாள் தெளிஞ்சு எழும்பினா அவளுக்கு என்ன இருக்கும்னு ஒரு படம் கூடக் கேட்டு நான் பாத்ததில்ல. சின்ன வயசுல பஸ் ஸ்டாண்ட் சுவர்ல "ஆண் பெண் வசியம், மூன்றே நாளில்"னு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். நானும் என் சிநேகிதியும் வாசிச்சுட்டு நடப்போம். அன்னைக்கு அது வேடிக்கை. இப்போ நினைச்சா, சம்மதம் இல்லாம ஒருத்தியைத் தூக்கிட்டு வர்றதுக்குப் பட்டப்பகல்ல விளம்பரம்.

வேளிமலை, உங்க அம்மா கதாபாத்திரம் நல்லவளா இருக்கலாம். கடைக்காரன் ஏமாத்துறவனாவே இருக்கலாம். ஆனா அவனும் ஒருத்தன். அவனுக்குள்ள போகாம கதையை முடிச்சிராதீங்க.


பேச்சிப்பாறை எழுதியது:

"7ஆம் அறிவு" படத்துல அந்த வில்லன் செய்யிற நோக்கு வர்மம் பத்திப் பேச்சு வந்ததால நான் எழுதாம இருக்க முடியாது. எனக்க பாட்டா வர்ம ஆசான். எண்ணெய், கட்டு, அடிமுறை எல்லாம் வீட்டு முற்றத்துலயே பாத்து வளர்ந்தவன் நான்.

வர்மம் மொத்தம் 108, அதுல படுவர்மம் 12, தொடுவர்மம் 96. இதை எங்க வீட்டுல சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். தொடாம பார்வையாலேயே ஆளைச் சாய்க்கிறது நோக்கு வர்மம்னு சொல்லுவாங்க. பாட்டா அதைச் செஞ்சு நான் பாத்ததில்ல. கேட்டா, "அடிக்கத் தெரிஞ்சவன் பத்து பேரு, எளக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன், நீ எளக்கப் படி"ன்னு சொல்லிட்டு எண்ணெயைச் சூடு பண்ணப் போயிருவாரு. எளக்குறதுன்னா அடிபட்டு மயங்கினவனை எழுப்புறது, அந்த அடங்கல் முறைதான் அவருக்குப் பெருசு.

ஆனா ஒண்ணு மட்டும் செஞ்சு காட்டினாரு. எனக்கு அப்போ பதினாலு வயசு இருக்கும். ரெண்டு பேரும் கம்பு பிடிச்சு நின்னோம். அவரு கண்ணு எனக்க எடது முட்டுக்குப் போச்சு. அவ்வளவுதான், கம்பு அசையக்கூட இல்ல. நான் எடது காலைப் பின்னால வலிச்சேன். அதுக்குள்ள அவருக்க கம்பு எனக்க வலது தோள்மேல வந்து மெதுவா உக்காந்திருக்கு. "ஒனக்க காலை நான் எடுத்தேனா, நீ எடுத்தியா?"ன்னு கேட்டாரு. நான் "நான்தான் பாட்டா"ன்னேன். அவரு சிரிச்சாரு.

கண்ணைப் பாக்காதே, நெஞ்சைப் பாருன்னு அதுக்குப் பொறவுதான் சொல்லித் தந்தாரு. எதிராளி எங்கே கவனிக்கணும்னு நாம முடிவு பண்ணிட்டா, பாதிச் சண்டை முடிஞ்சுது. படத்துல காட்டுறது போல எதுவும் இல்லாமலேயே அது நடக்கும். காலை எடுத்தது நான்தான். ஆனா எடுக்க வெச்சது அவரு. வேளிமலை அண்ணன் கேக்கிறதுக்கு இது பதிலாகுமான்னு தெரியல, மனசுல வந்ததைச் சொன்னேன்.


வேளிமலை எழுதியது:

பதிலாகுமாவா? அந்தக் கேள்வியை அப்படியே எடுத்து வெச்சுக்கிட்டேன் தம்பி. பாட்டா இப்போ இருக்காரா?


பேச்சிப்பாறை எழுதியது:

இல்ல அண்ணே. போய் நாலு வருஷம் ஆச்சு.


தக்கலை உயிரியல் எழுதியது:

நான் விலங்கியல் சொல்லிக் குடுக்கிறவன். கதைகள்ல வர்ற மனக்கட்டுப்பாட்டை விட நுணுக்கமானது நம்ம வீட்டு அடுக்களையிலேயே நடக்குது. பச்சை நீலத்துல உலோகம் மாதிரி மின்னுற ஒரு குளவி உண்டு, ரெண்டு ஜோடிக் கால்ல தொடை மட்டும் சிவப்பா இருக்கும். ஆம்புலெக்ஸ் கம்ப்ரெஸ்ஸாங்கிறது பேரு. மரகதக் குளவின்னு சொல்லலாம்.

அது கரப்பான்பூச்சியை ரெண்டு தடவை கொட்டும். முதல் கொட்டு நெஞ்சுப் பகுதியில. அதுல முன்னங்கால் ரெண்டும் கொஞ்ச நேரம் மரத்துப் போகும், தடுக்க முடியாது. ரெண்டாவது கொட்டு தலைக்குள்ள நேரா மூளைக்கு. கொடுக்கால தடவித் தடவி இடம் பாத்துச் செலுத்தும். அதுக்குப் பிறகு கரப்பான் ஓடாது, அரை மணி நேரம் போல தன்னையே சுத்தம் பண்ணிட்டு நிக்கும். குளவி அதோட மீசையைப் பாதியில கடிச்சு எடுத்துட்டு, மிச்சம் இருக்கிற துண்டைப் பிடிச்சு, மூக்கணாங்கயிறு பிடிச்ச மாடு மாதிரி நடத்திக் கூட்டிட்டுப் போகும். பொந்துக்குள்ள கொண்டு நிறுத்தி, கால்ல ஒரு முட்டை ஒட்டி, வாசலை அடைச்சுட்டுப் போயிடும். புழு பொரிச்சு வந்து அந்தக் கரப்பானை உயிரோட தின்னு வளரும்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, கரப்பானுக்கு வாதம் வரல. அதால நடக்க முடியும். தூக்கித் தண்ணியில போட்டா நீந்தும். தானா ஒரு அடி எடுத்து வெக்கணும்னு தொடங்குற அந்தத் தூண்டுதல் மட்டும் அதுகிட்ட இல்லாமப் போகுது. ஆக்டோபமைன்னு ஒரு வேதிப்பொருளோட வேலையை அந்த விஷம் அடக்கிடுதுங்கிறதுதான் காரணமா சொல்றாங்க.

போன வருஷம் என் வீட்டு விறகுப் புரையில இதை நேர்ல பாத்தேன். குளவி பின்பக்கமா நடக்குது, கரப்பான் பின்னாலேயே போகுது. குளவியை விட ரெண்டு மடங்கு பெருசு அந்தக் கரப்பான். நடுவுல குளவி அதை விட்டுட்டுப் பொந்து பாக்கப் போச்சு. கரப்பான் விட்ட இடத்துலயே நின்னுச்சு. நான் குச்சியால தொட்டேன், கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்னுச்சு. ஓட எல்லா வழியும் திறந்து கிடக்கு. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க, நான் போகல.

இன்னொண்ணும் சொல்லணும். எறும்பைப் பிடிக்கிற ஓஃபியோகார்டிசெப்ஸ் பூஞ்சையை எல்லாரும் மூளையைக் கைப்பத்துற பூஞ்சைன்னு எழுதுறாங்க. 2017-ல வந்த ஆய்வுல, அது எறும்போட தசைகளைச் சுத்தி வலை மாதிரி பின்னிக்குது, மூளைக்குள்ள நுழையலைன்னு காட்டிட்டாங்க. அப்போ அந்த எறும்பு குளச்சல்காரி சொன்ன வகை. கரப்பான் கலங்கரை சொன்ன வகை. இயற்கையில ரெண்டும் இருக்கு.


முட்டம் கலங்கரை எழுதியது:

சார், அருமை. இதையே மனுஷ மூளையில பாத்தவங்க ரெண்டு பேர் இருக்காங்க. ரெண்டு பேரும் நேர் எதிர் பதில் சொல்றாங்க.

ஒருத்தர் வைல்டர் பென்ஃபீல்ட், கனடாவுல மான்ட்ரியல் நகரத்து மூளை அறுவை நிபுணர். வலிப்பு நோய்க்கு ஆப்பரேஷன் பண்ணும்போது நோயாளி முழிச்சேதான் இருப்பார், மூளைக்கு வலி தெரியாது. மின்கம்பியால மூளையில ஒரு இடத்தைத் தொட்டா கை அசையும். என்ன ஆச்சுன்னு கேட்டா, நோயாளி "நான் பண்ணல, நீங்கதான் பண்ணினீங்க"ன்னு சொல்லுவார். எந்த இடத்தைத் தொட்டும் ஒருத்தரை ஒண்ணை நம்ப வெக்கவோ முடிவெடுக்க வெக்கவோ முடியலைன்னு பென்ஃபீல்ட் கடைசி காலத்துல எழுதினார்.

இன்னொருத்தர் ஹோசே டெல்காடோ. 1963-ல ஸ்பெயின்ல ஒரு காளையோட மூளைக்குள்ள மின்முனை வெச்சு, தன்னை முட்ட ஓடி வரும்போது ரேடியோ பொத்தானை அமுக்கி நிறுத்தினவர். காளையோட கோபம் அடங்கலை, உடம்பு ஒரு பக்கமா திரும்பினதாலதான் அது நின்னுச்சுன்னு மறுத்தவங்களும் உண்டு. ஆனா காளையை விட எனக்கு முக்கியம் அவர் எழுதி வெச்ச ஒரு நோயாளி. மின்சாரம் குடுத்ததும் அந்த ஆள் மெதுவா தலையைத் திருப்பி அக்கம்பக்கம் பாக்கிறார். என்ன பண்றீங்கன்னு கேட்டா, "செருப்பைத் தேடுறேன்"ங்கிறார். இன்னொரு தடவை, "ஏதோ சத்தம் கேட்டுச்சு"ங்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். பொத்தானை அமுக்கினது டெல்காடோ. காரணம் சொல்றது அந்த ஆள்.

பேச்சிப்பாறை தம்பியோட பாட்டா கேட்டதும் இதுதானே?

இப்போ ஒரு மூளையிலிருந்து இன்னொரு மூளைக்கே சமிக்ஞை அனுப்புறாங்க. 2013-ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல ராஜேஷ் ராவ் ஒரு விளையாட்டுல சுடணும்னு மனசுல நினைக்க, வளாகத்தோட இன்னொரு பக்கம் உக்காந்திருந்த ஆண்ட்ரியா ஸ்டோக்கோவோட விரல் விசைப்பலகையைத் தட்டிச்சு. தலைமேல வெச்ச காந்தச் சுருள் பண்ணின வேலை அது. ஆனா அது விரலோட நிக்குது. தானா ஏற்பட்ட துடிப்பு மாதிரி இருந்துச்சுன்னு ஸ்டோக்கோ சொன்னார். அவர் செருப்பைத் தேடல.


வேளிமலை எழுதியது:

செருப்பு. அதைப் படிச்சதுல இருந்து வேற எதுவும் ஓடல. கடைக்காரருக்கு நான் ஒரு செருப்பு கண்டுபிடிக்கணும்.


சுசீந்திரம் டீச்சர் எழுதியது:

பிள்ளைகளே, மூணு நாளா வாசிச்சிட்டு வர்றேன். தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். அறிவியல் கதை எனக்குப் புதுசு, ஆனா நீங்க தேடுற சொற்கள் நம்மிடம் ரொம்பப் பழசு.

எட்டுக் கர்மங்கள்னு மாந்திரீக நூல்கள் பிரிச்சு வெச்சிருக்கு. வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகர்ஷணம், வித்வேஷணம், பேதனம், மாரணம். இது பலிக்குமா பலிக்காதா என்கிறது வேற பேச்சு. நான் சொல்ல வந்தது, நம்ம முன்னோர் இதை ஒரே சொல்லால குறிக்கலை. பாய்ஞ்சு வந்த காளையை நிறுத்தினது தம்பனம். மனசை மயக்கிப் புத்தி கலங்க வைக்கிறது மோகனம். ஒருத்தன் மேல இன்னொருத்தனுக்குப் பகை மூட்டுறது வித்வேஷணம். விருப்பத்தையே தன் பக்கம் திருப்புறது வசியம். வேளிமலை தம்பி எழுதுறது வசியம். கலங்கரை சொன்ன சினிமா வில்லன் செய்யறதை நான் வசியம்னு சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, நீலி கதை. எங்க ஊர்ப் பக்கம் கோயில் கொடையில வில்லுப்பாட்டுல இதைக் கேட்டு வளர்ந்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். கள்ளியங்காட்டு நீலின்னா நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் இன்னைக்கும் ராத்திரி வெளியே போக யோசிக்கும். பழையனூர் நீலி கதையில அவள் கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு, தான் அவன் பெண்டாட்டின்னு சொல்லி ஒரு செட்டியைத் துரத்திட்டு ஊருக்குள்ள வர்றாள். இவள் பெண்டாட்டி இல்லை, பேய்னு அவன் கதறுறான். ஊர்ப் பெரியவர்கள் குழந்தையை இறக்கி விடச் சொல்றாங்க. அது நேரா அவன் மடியில போய் ஏறுது. அவ்வளவுதான், ஊர் தீர்ப்புச் சொல்லிடுது. உன் உயிருக்கு நாங்க பொறுப்புன்னு எழுபது வேளாளர் வாக்குக் கொடுத்து அவனை அவளோட ஒரே வீட்டுல தங்க வைக்கிறாங்க. விடிஞ்சா அவன் பிணம். வாக்குத் தவறாம எழுபது பேரும் தீ இறங்குறாங்க.

நீலிக்கு எத்தனையோ சக்தி இருந்தும், அந்த எழுபது பேர் மனசுக்குள்ள அவள் நுழையவே இல்லை. ஒரு குழந்தையைக் காட்டினாள். பெற்ற பிள்ளையைக் கைவிடுறவனை ஊர் சும்மா விடக்கூடாது என்கிற அவங்க நல்ல குணத்தையே பிடிச்சு இழுத்தாள். சின்ன வயசுல வில்லடிப்பாட்டுல இந்த இடம் வரும்போது உடுக்கும் குடமும் ஓய்ஞ்சு புலவர் மட்டும் தனியாப் பாடுவார். பெண்கள் பக்கத்துல ஒரு சத்தம் இருக்காது. எல்லாருக்கும் அது கள்ளிக்கொம்புன்னு தெரியும். தெரிஞ்சும் அந்தக் குழந்தை மடியில ஏறும்போது எங்களுக்கு மனசு இளகும். நாங்களும் அந்த எழுபது பேரோட சேர்ந்துடுவோம்.

தம்பி, கடைக்காரர்கிட்ட இருக்கிற நல்ல குணம் என்ன? அதைக் கண்டுபிடியுங்க.


வடசேரி எழுதியது:

டீச்சர் எழுதினதை வாசிச்ச பிறகு எங்க வீட்டுல நடந்ததைச் சொல்லணும்னு தோணுச்சு.

எங்க அண்ணன் நல்ல விவரமானவர். ஒருநாள் சிநேகிதர் கூப்பிட்டார்னு ஒரு மண்டபத்துக்குப் போனார். ஆள் சேத்துவிட்டா பணம் வரும்கிற திட்டம். துணைக்கு நானும் போயிருந்தேன். ஏசி குளிர், பாட்டுச் சத்தம், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா எல்லாரும் எழும்பிக் கைதட்டணும். "உங்க அம்மாவுக்கு இதுவரைக்கும் என்ன வாங்கிக் குடுத்தீங்க?"ன்னு மேடையில நின்னவன் கேட்டான். அண்ணன் கண்ணுல தண்ணி. எனக்கும் தொண்டை அடைச்சுது. ரெண்டு மணி நேரத்துல அண்ணன் 40,000 ரூபா கட்டிட்டு வந்தார். பைக்ல வரும்போது, "அவன் சொல்லிக் கட்டலடா, நானே யோசிச்சுத்தான் கட்டினேன்"ன்னார். பணம் போச்சு. இப்போ வரைக்கும் அண்ணன் அந்த ஆளைத் திட்ட மாட்டார். "நான் எடுத்த முடிவு"ம்பார்.

டீச்சர், அந்த மேடையில நின்னவன் எங்க அண்ணன்கிட்ட இருந்த நல்ல குணத்தைத்தான் பிடிச்சான். அம்மா மேல வெச்ச பாசம்.


முட்டம் கலங்கரை எழுதியது:

வடசேரி, மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அண்ணனைக் கேட்டதாச் சொல்லுங்க.

அமெரிக்க உளவுத்துறை 1953-ல எம்.கே.அல்ட்ரான்னு ஒரு ரகசியத் திட்டம் தொடங்கிச்சு. எல்.எஸ்.டி. மருந்து, ஹிப்னாடிசம், மின் அதிர்ச்சி, எல்லாம் வெச்சு மனுஷ மனசைக் கையில எடுக்கப் பாத்தாங்க. பல பேருக்குச் சொல்லாமலேயே மருந்து குடுத்தாங்க. 1973-ல பெரும்பாலான கோப்புகளை அழிச்சாங்க, 1975-ல விஷயம் வெளியே வந்துச்சு. அத்தனை வருஷமும் பணமும் போட்டு மனுஷங்களை உடைக்கத்தான் முடிஞ்சுதே தவிர, அவங்க தேடின சாவி கிடைக்கல. உங்க அண்ணன் போன மண்டபத்துல அது ஒரு மைக்கு வழியா ரெண்டு மணி நேரத்துல நடந்திருக்கு.

மியூல் கதையிலயும் டீச்சர் சொன்ன இடம் வருது. இன்னும் படிக்காதவங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்க. மியூல் எல்லாரையும் மாத்துறான், பேட்டாங்கிற ஒரு பொண்ணை மட்டும் மாத்துறதில்ல. ஏன்னா அவ தானாவே அவன்கிட்ட அன்பா இருந்தா. வாழ்க்கையில அவனுக்குத் திருகாம கிடைச்ச ஒரே அன்பு அது, அதைத் தொட அவனுக்கு மனசு வரல. தொடாம விட்டதால அவளோட புத்தி தெளிவா இருந்துச்சு, அதாலதான் அவன் தோத்தான். அவ்வளவு சக்தி உள்ளவனுக்கும் சக்தியால வாங்க முடியாதது அதுதான் இருந்துச்சு.


குளச்சல்காரி எழுதியது:

கலங்கரை அண்ணே, இந்தப் பத்தியைப் படிச்ச பிறகு உங்க கட்சிக்குப் பாதி வந்துட்டேன். ஆனா வேளிமலை கதையில பேட்டா யாருன்னு யாருமே கேக்கலையே. கடைக்காரரைப் பத்தியே பேசிட்டிருக்கோம். வீட்டுல ஒரு மக இருக்கா.

அந்த அம்மா மகளைப் பாத்து "படி"ன்னு நினைச்சா மக படிப்பா. "என்னை விட்டுப் போகாதே"ன்னு ஒரு ராத்திரி அசந்து நினைச்சுட்டா? வெளியூர்க் காலேஜுக்குப் போகணும்னு ஆசையா இருந்த பொண்ணு மறுநாள் "நான் இங்கேயே படிக்கிறேன் அம்மா"ன்னு சொன்னா? அது யாரோட முடிவுன்னு அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? நினைப்பை யாராலயும் அடக்க முடியாது. பெத்தவளுக்குப் பிள்ளை முகத்தைப் பாத்தாலே ஆயிரம் ஆசை வரும்.

அப்போ அவளுக்கு ஒரே வழிதான் இருக்கு. மகளோட முகத்தைப் பாக்காம பேசணும். அடுப்பைப் பாத்துக்கிட்டு, சுவரைப் பாத்துக்கிட்டு. மகளுக்குக் காரணம் தெரியாது. அம்மா தன்மேல கோபமா இருக்கான்னு நினைப்பா. நான் எழுதினா கதை அங்கதான் போகும்.


தக்கலை உயிரியல் எழுதியது:

இதை வாசிச்சுட்டு மேசையில அப்படியே உக்காந்துட்டேன்.


வேளிமலை எழுதியது:

நேத்து ராத்திரி ஒரே மூச்சுல எழுதினேன். கடைக் காட்சி இப்போ இப்படி இருக்கு.

"அவர் ஷீட்டைத் தூக்கி வாசல் வெளிச்சத்துல பிடிச்சார். வழக்கம்போல உதட்டைப் பிதுக்கப் போனவர் நிறுத்தினார். 'இந்தத் தடவை நல்லாக் காஞ்சிருக்கே' என்றார். காயவில்லை என்று அவளுக்குத் தெரியும். ரெண்டு நாளாக மழை. ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக ஈரம் நின்றது. அவர் அந்த வெள்ளையைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, 'நல்ல காய்ச்சல்' என்று திரும்பவும் சொன்னார். காசை எண்ணினார். 'நான் யாருக்கும் ஒரு கிராம் குறைச்சதில்லம்மா, எங்க அப்பா காலத்துல இருந்தே அப்படித்தான்' என்றார். அவர் கண்ணில் ஒரு பெருமை இருந்தது. அவளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை."

டீச்சர், அவருக்குள்ள நான் கண்டுபிடிச்ச நல்ல குணம் அதுதான். நேர்மையான வியாபாரின்னு பேர் வாங்கணும்னு அவருக்கு எப்பவோ ஒரு ஆசை இருந்திருக்கு. அவ தொட்டது அதைத்தான். அவர் தேடின செருப்பு, இல்லாத காய்ச்சல்.

குளச்சல்காரி, மக பகுதியை நீங்க சொன்ன வழியிலேயே எழுதிட்டிருக்கேன். முகம் பாக்காம பேசுற காட்சியில ரெண்டு தடவை நிறுத்திட்டேன், எங்க அம்மா ஞாபகம் வந்துடுச்சு. முடிச்சதும் முதல்ல உங்களுக்கு அனுப்புறேன்.


சுசீந்திரம் டீச்சர் எழுதியது:

நன்றாக வந்திருக்கு தம்பி. "நல்ல காய்ச்சல்" இருக்கட்டும், மாத்தாதீங்க. வெளியூர்க்காரங்க ஜுரம்னு நினைச்சாலும் நினைக்கட்டும்.


பொன்மனை எழுதியது:

அண்ணே, இந்த இழையை எனக்க மோன் வாசிச்சுக் காட்டினான், அவனே எழுதியும் தாறான். நான் பதினெட்டு வருஷமா பால் வெட்டுறேன். கதையில ரெண்டு காரியம் சரி பண்ணணும்.

ரெண்டு நாளா மழைன்னு எழுதியிருக்கிய. மரத்துல மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தாத்தான் அந்த நாள்ல வெட்ட முடியும். இல்லன்னா பட்டை நனைஞ்சு பால் செரட்டைக்கு வராம மரத்துமேல ஒழுகிப் போவும். அதனால பாவாடை கட்டின தோட்டம்னு ஒரு வரி போடுங்க. இல்லாட்டி அது மழைக்கு முந்தி வெட்டின பாலு, ஷீட்டு காயத்தான் வெயில் இல்லன்னு எழுதுங்க. ஒரே மரத்தை நாங்க தெனமும் வெட்டவும் மாட்டோம், ஒரு நாள் விட்டு ஒரு நாளு.

ரெண்டாவது, அவ ஆள் முகத்தைப் பாத்தாத்தான் சக்தி வேலை செய்யும்னு சொல்லுதிய. நாங்க வெட்டப் போறது வெளுப்பான் காலம் மூணு மணிக்கு. நெத்தியில லைட்டு கட்டியிருப்போம். எதுக்க ஆரு வந்தாலும் அவங்க முகம் எனக்குப் பளிச்சுன்னு தெரியும். அவங்களுக்கு எனக்க முகம் தெரியவே தெரியாது, கண்ணு கூசி கையால மறைச்சுக்கிடுவாவ. நான் அப்போ லைட்டைக் கீழ தாழ்த்துவேன். பழகிப் போச்சு, ஆரைக் கண்டாலும் கை தானா நெத்திக்குப் போவும்.

உங்க கதையில உள்ளவ மகளுக்குக் காப்பி போட்டு வெச்சிட்டுத்தான் வேலைக்கு எறங்குவா. பிள்ளை ஒறங்கிட்டுக் கெடக்கும். அப்போ லைட்டைப் போட்டு அதுக்க முகத்தைப் பாப்பாளா, அணைச்சிட்டுப் போவாளா? அதை எழுதுங்க.